ஜாதிபத்திரியில் கொடுத்த டிவிடெண்ட்

கப்பல் வணிக விளையாட்டுகளை ஆடியவர்களுக்குத் தெரியும், அவற்றின் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். மலிவாகக் கிடைக்கும் துறைமுகத்தில் வாங்க வேண்டும். கிராக்கி உள்ள துறைமுகத்தில் விற்க வேண்டும். வந்த லாபத்தில் அடுத்த கப்பலை வாங்க வேண்டும். நடுவில் எவனாவது குறுக்கே வந்தால் இருக்கவே இருக்கிறது பீரங்கி! 1987இல் சிட் மெயர் உருவாக்கிய 'பைரேட்ஸ்', 1990இல் ஜப்பானிலிருந்து வந்த 'அன்சார்ட்டட் வாட்டர்ஸ்', 1992இல் ஜெர்மனியிலிருந்து வந்த 'பேட்ரிசியன்', 2002இல் வந்த 'போர்ட் ராயல்' என்று இந்தக் குடும்பம் பெரியது.

நான் அதிகம் ஆடியது 2009இல் வெளியான 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி'. பின்லாந்தைச் சேர்ந்த நைட்ரோ கேம்ஸ் உருவாக்கியது. கதை நடக்கும் காலம் 1600 முதல் 1750 வரை. எட்டு ஐரோப்பிய நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கம்பெனிக்கு நீங்கள் தலைவர் ஆகலாம். கப்பல் கட்டி, தளபதியை நியமித்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். எதிரிக் கப்பல் வந்தால் சண்டைத் திரை திறக்கும். கப்பலின் உடலை உடைக்க இரும்புக் குண்டு, பாய்மரத்தைக் கிழிக்கச் சங்கிலிக் குண்டு, ஆட்களைக் கொல்லச் சிதறு குண்டு. சண்டை முடிந்ததும் மறுபடி வரைபடம், மறுபடி சரக்கு விலை.

பி.காம். படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விளையாட்டு ஒரு நல்ல டியூஷன் வாத்தியார் என்றே சொல்வேன். நடைமுறை மூலதனம் என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு கப்பலை அனுப்பிவிட்டு, அது திரும்பும்வரை வேறு எதுவும் வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தால் உடனே புரிந்துவிடும்.

ஆனால் ஆட ஆட எனக்கு ஒரு கேள்வி வந்தது. இதில் வணிகம் ஒரு திரை, சண்டை இன்னொரு திரை. நிஜத்தில் அப்படித்தான் இருந்ததா? அதைத் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் இந்தக் கதை. ஆங்கிலக் கம்பெனியை நாம் பள்ளிக்கூடத்திலேயே நிறையப் படித்துவிட்டோம். எனவே அதைவிடப் பல மடங்கு முதலுடன் தொடங்கிய டச்சுக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பி வராத முதல்

1595இல் நெதர்லாந்திலிருந்து 4 கப்பல்கள் கிழக்கே கிளம்பின. ஏறியவர்கள் சுமார் 250 பேர். 1597இல் திரும்பி வந்தவர்கள் 90 பேருக்கும் குறைவு. லாபமும் பெரிதாக இல்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், ஊருக்கு ஊர் கம்பெனிகள் முளைத்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாவாவுக்குப் போய் மிளகு கேட்டால் என்ன ஆகும்? அங்கே கொள்முதல் விலை ஏறும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குக் கொண்டுவந்து விற்றால் இங்கே விற்பனை விலை இறங்கும். இரண்டு பக்கமும் அடி!

இதற்கு அரசு கண்ட தீர்வு எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாக இணைப்பது. 1602 மார்ச் 20 அன்று 'ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி' பிறந்தது. டச்சு மொழிப் பெயரின் சுருக்கம் வி.ஓ.சி. (நம் ஊர் வ.உ.சி. நினைவுக்கு வருகிறாரா? அவர் கப்பல் விட்டது வேறொரு கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து!)

மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டார்கள். பெரிய வணிகர்கள் மட்டுமல்ல, ஓர் இயக்குநர் வீட்டில் வேலை செய்த பணிப்பெண்ணும் 100 கில்டர் எழுதினார்.

அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், ஒரு பயணத்துக்குப் பணம் திரட்டுவார்கள். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று முதலையும் லாபத்தையும் பிரித்துக்கொண்டு கணக்கை மூடிவிடுவார்கள். ஆங்கிலக் கம்பெனியும் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு நிரந்தர மூலதனம் வந்தது 1657இல்தான். டச்சுக்காரர்களோ பத்து ஆண்டுகளுக்கு முதலை வைத்துக்கொள்வோம், 1612இல் கணக்குத் தீர்ப்போம் என்றார்கள். 1612 வந்தது. கணக்கு தீர்க்கப்படவில்லை! பணம் வேண்டுமென்றால் உன் பங்கை வேறு யாருக்காவது விற்றுக்கொள் என்றார்கள். முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்யும் 'நிறுவனத் தொடர்ச்சி கருத்து' இருக்கிறதே, அதற்கு உயிர் வந்த இடம் இதுதான். ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தை வளர்ந்ததும் இதனால்தான்.

சரி, டிவிடெண்ட்? எட்டு ஆண்டுகள் ஒன்றுமில்லை. பங்குதாரர்கள் முணுமுணுத்தார்கள். ஐசக் லே மேர் என்ற பெரிய பங்குதாரர் 1609இல் ஒரு ரகசியக் கூட்டணி அமைத்து, கையில் இல்லாத பங்குகளையெல்லாம் விற்று விலையைத் தள்ளினார். 1610இல் அரசு அந்த வகை விற்பனையைத் தடை செய்தது. அதே ஆண்டுதான் முதல் டிவிடெண்டும் அறிவிக்கப்பட்டது. பங்கின் முகமதிப்பில் 75 சதவீதம்! ஆனால் காசாக அல்ல, ஜாதிபத்திரியாக.

ஆமாம், நம் வீட்டில் பிரியாணிக்குப் போடும் அதே ஜாதிபத்திரிதான். ஜாதிக்காயைச் சுற்றி இருக்கும் சிவப்பு இதழ். பங்குதாரர் கிடங்குக்குப் போய் மூட்டையை வாங்கிக்கொள்ள வேண்டியது. எல்லாரும் அதே நேரத்தில் விற்கப் போனால் விலை என்னாகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் :-)

இந்தச் செய்தியைப் படித்தபோது நானும் சிரித்தேன். அப்புறம்தான் அந்த ஜாதிபத்திரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன்.

பத்துத் தீவுகள்

அன்றைய உலகில் ஜாதிக்காய் மரம் விளைந்த இடம் ஒன்றே ஒன்றுதான். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள பாண்டா தீவுகள். மொத்தம் பத்து சின்னஞ்சிறு தீவுகள். ஓர் அரசன் கிடையாது. 'ஓராங் காயா' எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மக்கள்தொகை சுமார் 15,000. மலையும் ஜாதிக்காய்த் தோப்பும்தான், நெல் விளையாது. அரிசிக்கும் துணிக்கும் வெளியிலிருந்து வரும் வணிகர்களைத்தான் நம்பியிருந்தார்கள். ஜாவா, மலாய், அரபு வணிகர்கள் காலங்காலமாக வந்து போனார்கள்.

டச்சுக்காரர்கள் வந்து ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஜாதிக்காயை எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும். சில ஓராங் காயாக்கள் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் போடவில்லை. ஆனால் டச்சுக்காரர்களால் போதுமான அரிசியும் துணியும் கொண்டுவந்து தர முடியவில்லை. கொண்டுவந்ததும் விலை அதிகம். வயிறு இருக்கிறதே! பாண்டா மக்கள் பழையபடி ஜாவாக்காரர்களுக்கும், புதிதாக வந்த ஆங்கிலேயர்களுக்கும் விற்றார்கள். கம்பெனியின் பார்வையில் இது ஒப்பந்த மீறல்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 14ஐ நாம் படித்திருக்கிறோம். வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யுரை, தவறு இவை இல்லாமல் தரும் சம்மதமே சுதந்திரமான சம்மதம். துறைமுகத்தில் பீரங்கிக் கப்பல் நிற்க, கரையில் கோட்டை எழும்ப, அந்நிய மொழியில் எழுதிய தாளில் போட்ட கையெழுத்தை இந்தப் பிரிவின் கீழ் வைத்துப் பாருங்கள். (அந்தச் சட்டம் அங்கே செல்லாது என்பது எனக்கும் தெரியும். நம் பாடத்தை வைத்து ஒரு கேஸ் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவே.)

1609இல் டச்சுத் தளபதி வெர்ஹூவன் பாண்டாவில் கோட்டை கட்டத் தொடங்கினார். பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் தன் ஆட்களுடன் கொல்லப்பட்டார். அந்தப் பயணத்தில் இளம் வணிகராக இருந்தவர் யான் பீட்டர்சூன் கூன். முறையாகக் கணக்கு வைக்கக் கற்றவர் என்பதைக் கவனியுங்கள். 1614இல் அவர் இயக்குநர்களுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: போர் இல்லாமல் வணிகம் நடத்த முடியாது, வணிகம் இல்லாமல் போரும் நடத்த முடியாது. விளையாட்டில் இரண்டாக இருக்கும் திரையை இவர் ஒன்றாகவே பார்த்தார்.

1621இல் கூன் கவர்னர் ஜெனரலாக, 13 பெரிய கப்பல்களுடன் பாண்டாவுக்கு வந்தார். சுமார் 1,600 ஐரோப்பிய வீரர்கள், ஜப்பானியக் கூலிப்படையினர் சுமார் 80 பேர். பெரிய தீவான லோந்தோர் சில நாட்களில் விழுந்தது. மே மாதம் 40க்கும் மேற்பட்ட ஓராங் காயாக்களை நசாவ் கோட்டைக்கு அருகே மூங்கில் வேலிக்குள் அடைத்து, கூலிப்படையினரை வைத்து வெட்டிக் கொன்றார்கள். மற்றவர்கள் மலைக்கு ஓடினார்கள். அங்கே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் பலர். ஏறத்தாழ 800 பேரை பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கொண்டு போனார்கள். 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

தோப்புகளை 68 துண்டுகளாகப் பிரித்து, டச்சுக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வேலைக்கு வெளியிலிருந்து அடிமைகள். விளைந்ததையெல்லாம் கம்பெனிக்கு மட்டும், கம்பெனி வைத்த விலைக்கு மட்டும் விற்க வேண்டும். 1602இல் நீட்டிய ஒப்பந்தத்தில் கேட்டது இப்போது முழுசாகக் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவர்கள்தான் இல்லை.

கூனை யாரும் தண்டிக்கவில்லை. 1627இல் அவரை மறுபடியும் கவர்னர் ஜெனரலாகவே அனுப்பினார்கள். 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. கூனுக்கு முன் அதே பதவியில் இருந்த லாரன்ஸ் ரேயால், உள்ளூர் மக்களை இப்படி நசுக்குவதை எதிர்த்தவர். அன்றைக்கே இன்னொரு கருத்தும் மேஜையில் இருந்தது.

பழவேற்காட்டுத் துணி

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது என்று நினைக்காதீர்கள். பாண்டா மக்கள் ஜாதிக்காய்க்குப் பதிலாகக் கேட்ட துணி எங்கே நெய்தது? பெரும்பகுதி நம் சோழமண்டலக் கரையில்!

மசாலாத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கு விலைபோகவில்லை. வெள்ளியையே கொட்டிக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. எனவே வெள்ளியைக் கொண்டுவந்து இங்கே துணி வாங்கு, துணியைக் கொண்டுபோய் அங்கே மசாலா வாங்கு, மசாலாவை ஐரோப்பாவில் விற்று வெள்ளியாக்கு. முக்கோண வணிகம். 1612இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி சோழமண்டலக் கரையை மசாலாத் தீவுகளின் இடது கை என்றே வர்ணித்தார். (இவர்தான் 1611இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து நேர் கிழக்கே பலமான காற்றைப் பிடித்துப் போய், ஒரு வருடம் வரை இழுத்த ஜாவா பயணத்தை ஆறு மாதத்துக்குக் குறைக்கும் வழியைக் காட்டியவர்.)

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டில் 1610இல் டச்சுக்காரர்கள் அனுமதி பெற்றார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர்கள் வந்து தாக்கினார்கள். 1613இல் 'கெல்ட்ரியா' கோட்டை எழுந்தது. அங்கிருந்து துணி போனது, வெடிமருந்தும் போனது. 1620களிலிருந்து இன்னொரு சரக்கும் போனது: மனிதர்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இந்த ஏற்றுமதி கூடியது. ஆயிரக்கணக்கான தமிழர்களும் தெலுங்கர்களும் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். காலியான இடங்களை நிரப்ப ஆள் தேவைப்பட்டது அல்லவா? பழவேற்காட்டில் இன்றும் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நேர்த்தியாகச் செதுக்கிய கல்வெட்டுகள். அவற்றில் இருக்கும் பெயர்கள் எந்தப் பக்கத்துப் பெயர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கில் வராதது

கணக்கியலில் 'பணமதிப்பீட்டுக் கருத்து' என்று ஒன்று உண்டு. பணத்தால் அளக்கக்கூடிய நடவடிக்கைகள் மட்டுமே ஏட்டில் ஏறும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம். பாண்டாவுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். படையெடுப்புச் செலவு ஏட்டில் ஏறும். கோட்டைச் செலவு ஏறும். அடிமையின் விலை, அடப்பாவமே, அதுவும் ஏறும்! செத்துப்போன ஊர் மட்டும் ஏறாது. அதற்கு யாரும் பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை.

கம்பெனியின் சொந்த ஆட்கள் நிலைமையும் பெரிதாக உயர்ந்ததில்லை. அதன் சுமார் இருநூறு ஆண்டு வாழ்நாளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஐரோப்பாவிலிருந்து அதன் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் திரும்பிப் போனவர்கள் பாதிக்கும் குறைவு. இந்த வகை விளையாட்டுகளில் மாலுமி என்பவர் கப்பல் படத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம். கம்பெனிக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

'அட, விளையாட்டை விளையாட்டாகப் பார்க்க வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். விளையாட்டு பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் திகைப்பாக இருப்பது அது எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதுதான். ஆம்ஸ்டர்டாமில் மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்த இயக்குநருக்கு உலகம் எப்படித் தெரிந்ததோ, அப்படியேதான் திரையில் எனக்கும் தெரிகிறது. ஒரு வரைபடம், சில துறைமுகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விலைப்பட்டியல். விலைப்பட்டியலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அவருக்கும் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரிய வேண்டியதில்லை. தெரியாமலே இருவரும் நன்றாக லாபம் பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும் அந்த ஏகபோகம் நிலைத்ததா? இல்லை. 1667இல் பிரெடா உடன்படிக்கையில், ஆங்கிலேயர் உரிமை கோரிவந்த ரன் என்ற குட்டி பாண்டா தீவை டச்சுக்காரர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். அதே உடன்படிக்கையில் ஆங்கிலேயர் தக்கவைத்தது மன்ஹாட்டன். அன்றைக்கு நஷ்டப்பட்டவர்கள் ஆங்கிலேயர்தான் என்று தோன்றியிருக்கும்! மசாலாவில் இடம் கிடைக்காத அவர்கள் இந்தியத் துணியில் கவனம் வைத்தார்கள். அது எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். 1770 வாக்கில் பிரெஞ்சுக்காரர் பியேர் ப்வாவ்ர் ஜாதிக்காய்க் கன்றுகளை மொரிஷியஸுக்குக் கடத்தினார். பிறகு பாண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர் பினாங்கு, இலங்கை என்று கொண்டுபோய் நட்டார்கள். கோட்டைகளின் செலவும் ஊழலும் தின்ன, 1796இல் கம்பெனியை அரசே எடுத்துக்கொண்டது. 1799 கடைசியோடு அதன் கதை முடிந்தது. முப்பது செடிகள் ஒரு கப்பலில் ஏறினால் உடைந்துவிடக்கூடிய ஏகபோகத்துக்காகத்தான் 1621 நடந்தது.

நம் பாடப்புத்தகங்கள் உலகின் முதல் பெரிய கூட்டுப் பங்கு நிறுவனம் என்று இந்தக் கம்பெனியைப் பாராட்டும்போது, அது பொய்யில்லை. நிரந்தர மூலதனமும் பங்கு மாற்றமும் நிஜமான கண்டுபிடிப்புகள். நாளைக்கு நாம் வேலை பார்க்கப்போகும் உலகம் அதன்மேல்தான் நிற்கிறது. அதனால்தான் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஆம்ஸ்டர்டாம் பங்குதாரருக்கு முதலை எடுக்காமலே வெளியேறும் வழி இருந்தது, பங்கை விற்கலாம். பாண்டாவின் தோப்புக்காரனுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஒரே ஒரு தகவலோடு முடிக்கிறேன். 1621இல் தப்பியவர்களில் சிலர் படகேறி, தென்கிழக்கே உள்ள கெய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 'பாண்டா எலி' என்ற ஊரில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். பாண்டா தீவுகளில் அந்தப் பழைய பாண்டா மொழி பேச ஆளில்லை. அது கேட்பது அந்த அகதிகளின் ஊரில்தான்.

நம்மில் யாராவது எதிர்காலத்தில் ஒரு கப்பல் விளையாட்டு உருவாக்கினால், அந்தத் துறைமுகத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். விற்க அங்கே ஒன்றும் இருக்காது, பரவாயில்லை.